ரிலீவர் வந்தும் நகராத பெண்கள்

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் நான் ரிட்டயர்டு. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வலது கை தோளுக்கு மேலே ஏறாது, இனிமேல் லைனில் நிற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார், கம்பெனி கேக் வெட்டி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டது. இதற்குப் பெயர் ரிட்டயர்மென்ட் இல்லையென்றால் வேறென்ன?

எழுதச் சொன்னவள் சௌமியா. நான் விட்டுவந்த வேலையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். போன வாரம் வாய்ஸ் நோட் போட்டிருந்தாள்.

"அக்கா, இங்க லேடீசுக்குன்னு தனியா ரெஸ்ட் ரூம் தொறந்துட்டாங்க. ஏசி, கட்டில், தலகாணி, எல்லாம் செமயா இருக்குது. ஆனா ஒருத்தியும் போவ மாட்டங்கிறாளுங்க. கதவாண்ட நின்னு எட்டிப் பாத்துட்டு, ஏதோ சாமி ரூம் மாதிரி, ஓடியாந்துடறாளுங்க. நீ எப்பிடிக்கா இவங்கள நவத்துன? ஒரு நாலு வரி எழுதி அனுப்பேன்."

எப்படி நகர்த்துவது என்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். நாலு வரியில் முடிந்திருக்கும். தெரியாததால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது மத்தூர் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கும் காலனியில். கிருஷ்ணகிரியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தேன். ஐன்ஸ்டைன் ஆகிவிடுவேன் என்று வீட்டில் பெரிய பில்டப். ஆனது ஓசூரில் பைக்குக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ட்ரெய்னி. சிவப்பு ஒயர் எது, பச்சை ஒயர் எது, சேஃப்டி ஷூ எதற்கு என்று கொஞ்ச நாள் வகுப்பு எடுத்தார்கள். பிறகு வரிசையாக நிற்க வைத்து ஆள் பிரித்தார்கள். என் வேலை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது, அதுவும் என் தோலை வைத்து.

கொஞ்சம் சிவப்பாக இருந்த பெண்களைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் செக்கிங் டேபிளுக்கு அனுப்பினார்கள். அங்கே நாற்காலி உண்டு. வெளியிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் பார்க்கும் இடம் அது. எங்களைப் போல நல்ல கறுப்பு எல்லாம் பின்பக்கம் டேப்பிங் லைனுக்கு. யாரும் வாய்விட்டுக் கறுப்பு என்று சொல்லவில்லை. "நீங்க எல்லாம் கிராமத்துப் பொண்ணுங்க, ஸ்ட்ராங்கா இருப்பீங்க" என்றார்கள். எங்கள் லைனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் கருப்பட்டி லைன். முதலில் கடுப்பானோம். பிறகு எங்கள் பெண்களே அதை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள். "கருப்பட்டி லைனுக்குக் கால் வலிக்காதுடி." "கருப்பட்டி லைன்ல லீவு கேக்கறவ இல்லடி." கிண்டலை விடப் பெருமைதான் எங்களை அதிகமாக நிற்க வைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

லைன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டத்தில் மெதுவாக நகரும். பலகை முழுக்கக் கொக்கிகள். கொக்கிகளுக்கு நடுவே ஒயர்களை ஓட்டி, அதன்மேல் கறுப்பு டேப் சுற்ற வேண்டும். முதல் சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏற வேண்டும். இடைவெளி விட்டால் மழையில் தண்ணீர் இறங்கும், அதிகமாக ஏற்றினால் பைக்குக்குள் போகாது. பலகை நிற்காது. அதோடு கூடவே நடந்து சுற்றி முடித்து, திரும்பி வந்து அடுத்ததைப் பிடிக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க இதுதான்.

நான் கைவேகம் என்பதால் சீக்கிரமே ரிலீவர் ஆக்கினார்கள். பாத்ரூம் போக வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், தலை சுற்றுகிறது என்று யாருக்காவது இருந்தால், தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுப்பாள். மஞ்சள் விளக்கு எரியும். நான் ஓடிப்போய் அவளுக்கு இடது பக்கம் நிற்பேன். அவள் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தை ஒரு விரலால் அழுத்திக் காட்டுவாள். நான் அதே இடத்தில் என் விரலை வைத்து, மறு கையால் டேப்பை வாங்கி, "எடுத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் அவள் பலகையை விடலாம். கண்ணால் ஜாடை காட்டினால் போதாது, வாயால் சொல்லியே ஆக வேண்டும்.

இவ்வளவு அழகான ஏற்பாடு. ஆனால் எங்கள் லைனில் அந்தக் கயிறுகளில் தூசி படிந்திருந்தது. எவளும் இழுக்க மாட்டாள். விளக்கு எரியாமலேயே நானாகப் போய் நின்றாலும், "எனக்கு வேணாம், அவளுக்குக் குடு" என்பாள். அவளிடம் போனால் இன்னொருத்தியைக் காட்டுவாள். கடைசிக்குப் போய்த் திரும்பி வந்தால், முதலில் வேண்டாம் என்றவள் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருப்பாள். தானம் பண்ணுகிறார்களாம். பாத்ரூமைத் தானம் பண்ணுகிற ஒரே லைன் உலகத்தில் எங்களுடையதுதான்.

எங்கள் சூப்பர்வைசர் லோகேஷ் சார், ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். கத்தவே மாட்டார். அதுதான் சிக்கல். யாராவது சோர்ந்து தெரிந்தால், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே வந்து நிற்பார். "சொல்ப ரெஸ்ட் எடுத்துக்கோம்மா. நான் பாத்துக்கறன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு முறைத்துவிட்டாவது போயிருப்பார்கள். சார் நம்ம வேலையைப் பார்க்கிறாரே என்ற கூச்சத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவந்து அவர் கையிலிருந்து டேப்பைப் பிடுங்குவார்கள். அந்த மனிதர் நல்லவர். அவருடைய நல்ல குணத்துக்குப் பயந்தே எங்கள் பெண்கள் பாத்ரூமை அடக்கினார்கள்.

மாதம்மா அக்கா இவர்கள் எல்லாரையும் மிஞ்சியவள். தேன்கனிக்கோட்டை தாண்டி ஜவளகிரி ரோட்டில் ஒரு குக்கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். நாற்பதைத் தாண்டியவள். என்னைவிடக் கறுப்பு, என்னைவிட வேகம். புருஷன் ராகிக் காட்டில் யானை இறங்காமல் காவல் இருப்பவர். ஒரே மகள் நந்தினி, காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வம்படியாக அக்காவிடமிருந்து டேப்பை வாங்கி, போய் உட்கார் என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் என் காலடியில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தால் அக்கா விளக்குமாற்றோடு டேப் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா! ஒக்காரத்தான உன்ன அனுப்புனன்? என் கால்கிட்ட என்னா பெருக்கினு இருக்கற?"

"சும்மா இருந்தா கை நமநமங்குது பாப்பா."

"நமநமங்கட்டும். போய் ஒக்காரு."

"ஒக்காந்தா கேப்பாங்க."

"யாரு கேப்பா? லோகேஷ் சாரா?"

"ச்சே, அவரு பாவம்."

"அப்புறம் யாரு?"

அக்கா விளக்குமாற்றைப் பிடித்தபடியே யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"யாரோ."

அந்த யாரோவை எனக்குத் தெரியும். என் அம்மா அடுத்தவர் மாந்தோப்பில் கூலிக்குப் போனவள். வெயிலுக்கு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் தோப்புக்காரர் தூரத்திலிருந்தே ஒரு வார்த்தை கேட்பார்: "என்னா, ஒக்காந்துட்ட?" திட்டு இல்லை. வெறும் கேள்வி. அம்மா எழுந்துவிடுவாள். அம்மாவின் அம்மாவையும் அவர் அப்பா அப்படித்தான் கேட்டிருப்பார். தோப்புக்காரர் செத்துவிட்டார், தோப்பில் பிளாட் போட்டுவிட்டார்கள், நான் பிசிக்ஸ் படித்துவிட்டேன். ஆனால் தோள் போய் வீட்டில் கட்டிலில் கிடந்த முதல் மாதத்தில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது. வந்தது பால்காரராக இருக்கும். நான் கட்டிலோரம் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருப்பேன், ஏதோ அதற்காகத்தான் எழுந்த மாதிரி.

அக்காவுக்கு ரத்தப்போக்கு இருந்தது. மாதத்தில் சில நாள் என்றில்லை, நிற்காமல். அவள் சொல்லவில்லை. பையில் மாற்றுத் துணி கனக்கக் கொண்டுவருவதைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம். ஒருநாள் பலகையோடு நடந்துகொண்டே இருந்தவள், நடையை நிறுத்தாமல் அப்படியே சரிந்தாள். நான் பிடித்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும், உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து என்று நேராகவே சொன்னார்கள். எடுத்தபிறகு ஒன்றரை மாதம் படுத்திருக்க வேண்டும், குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது.

அக்காவுக்கு ஆபரேஷன் பயமில்லை. ஒன்றரை மாதம் படுக்க வேண்டும் என்பதுதான் பயம்.

"ராகி அறுப்பு முடியட்டும்" என்றாள். முடிந்தது. "நந்தினி பரீட்ச முடியட்டும்" என்றாள். அதுவும் முடிந்தது. "மாமியாருக்கு இடுப்பு சரியில்ல, அது கொஞ்சம் தேறட்டும்."

"அக்கா, உன் மாமியாரு உன்னவிட நல்லா நடக்குதாம். நந்தினிதான் சொன்னா."

"நீ சும்மா இரு பாப்பா. எங்க சனத்துக்கு உடம்பு இரும்பு. இதெல்லாம் தானா நின்னுடும்."

"இரும்பு துரு புடிக்கும்க்கா. நான் கெமிஸ்ட்ரியும் படிச்சிருக்கன்."

சிரித்தாள். ஆனால் போகவில்லை. முகம் சாம்பல் பூத்துக்கொண்டே போனது. கறுப்புத் தோலில் வெளுப்பு வந்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது.

ஒருநாள் டீ டைமில் எல்லாரும் கூடிப் பேசினோம். மணியடித்து லைன் ஓடத் தொடங்கியதும், கருப்பட்டி லைன் மொத்தமும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தது. தூசி எங்கள் தலையில் கொட்டியது. வரிசை முழுக்க மஞ்சள் விளக்கு. இருப்பது ஒரே ஒரு ரிலீவர், நான், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். லோகேஷ் சார் என்னிடம் ஓடிவந்தார்.

"ஏனம்மா பவித்ரா, ஏனு ஆய்த்து, என்னாச்சு? எல்லாருக்கும் ஒரே நேரத்துல பாத்ரூமா?"

"இல்ல சார். மாதம்மாக்கா ஆபரேஷனுக்குப் போவணும். போறன்னு வாயால சொல்லட்டும். இல்லன்னா பலகை நவராது."

அவர் விளக்குகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய் சுவிட்சை அணைத்தார். அந்த லைன் நின்று நான் பார்த்ததே இல்லை. திடீரென்று மின்விசிறிச் சத்தமெல்லாம் கேட்டது. அவர் அக்காவிடம் போய், "மாதம்மா, நீ போய்ட்டு வா. உன் எடத்துல யாரையும் பர்மனெண்டா போட மாட்டன். நான் இருக்கற வரைக்கும் அது உன்னுது" என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எனக்காக லைன நிறுத்திட்டீங்களேடி, பாவிங்களா." போகிறேன் என்று சொன்னாள். உடம்புக்காகப் போகவில்லை. லைனை மறுபடி ஓட வைப்பதற்காகப் போனாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கும் வந்துவிட்டாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று குதித்தோம். இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே பண்ணக்கூடிய வேலை.

அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று லைனில் முறை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பேராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், பிரெட் என்று வாங்கிக்கொண்டு பாசமாகப் போனார்கள். திரும்பி வந்து, "அக்கா நல்லா இருக்குது, எழுந்து நடமாடுது, சாப்புடாம விடவே மாட்டேன்னுடுச்சு" என்றார்கள். என் முறை வந்தபோது நான் தனியாகப் போனேன். தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி இறங்கி நடந்தேன். வருகிறேன் என்று முதல் நாளே போன் பண்ணியிருந்தேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. புருஷனும் மாமியாரும் ஆடு ஓட்டிப் போயிருந்தார்கள், நந்தினி ரேஷனுக்கு. அக்கா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். களி கிண்டத் தெரிந்தவர்களுக்குப் புரியும். பானையை அசையாமல் பிடித்து, துடுப்பை வயிற்றோடு அணைத்து, அடிவயிற்றிலிருந்து பலம் கொடுத்துச் சுற்ற வேண்டும். பக்கத்தில் கோழி அறுத்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வந்தவர்களுக்கு இதேதான் செய்து போட்டிருக்கிறாள். அடுத்தவள் இடத்தில் நின்று வேலையை வாங்கிக்கொள்வதையே தினமும் பார்க்கும் பெண்கள் அந்த வீட்டில் பாய் போட்டு உட்கார்ந்து, கை கழுவி, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். விருந்தாளி விருந்தாளியாகத்தான் இருக்க வேண்டுமா என்று அவர்கள் யோசிக்கவேயில்லை. அக்கா யோசிக்க விட்டிருக்கவும் மாட்டாள்.

பையைப் போட்டுவிட்டுப் போய் அவள் இடது பக்கம் குந்தி, துடுப்பைப் பிடித்தேன்.

"எடுத்துட்டேன்க்கா. விடு."

"கைய எடு பாப்பா. பட்டணத்துலேந்து வந்த புள்ளைய அடுப்புல ஒக்கார வெச்சான்னு ஊரே பேசும்."

"பேசட்டும். விடு."

"களி கட்டி தட்டிடும்."

"தட்டட்டும். கட்டியா திங்கறன். விடுக்கா!"

இரண்டு பேரும் ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். கடைசியில் அவள் கை தளர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கை சுட்டது. அடுப்புச் சூடு என்று சொன்னாள். கூட்டிப்போய்ப் பாயில் படுக்க வைத்தேன். படுத்தாள், ஆனால் கண் என் மேலேயே இருந்தது. உப்பு எங்கே, எரிகிற விறகை இழு, குழம்பை இறக்கு. நான் முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டினேன். பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

"என்னா பாவம் பண்ணனோ. பட்டப்பகல்ல மல்லாந்து கெடக்கறன்."

"வயித்தக் கீறித் தச்சிருக்காங்கக்கா. அதுக்குப் பேரு பாவம் இல்ல, தையல்."

"உனக்குப் புரியாது பாப்பா. நீ போ. நீ இங்க வேல செஞ்சினு இருந்தா எனக்குப் படுக்க முடில. நீ போயிட்டா படுத்துக்கறன். சத்தியமா."

புண்ணைக் காட்டு என்றேன். காட்டவில்லை. வயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்த துணியைக் கையால் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நாளைக்கு அவர் கூட்டிப் போவார் என்றாள். நந்தினி வந்ததும் சமையலை அவளிடம் விட்டு, அம்மாவுக்குச் சுரம் இருக்கிறது, இன்றைக்கே அப்பாவிடம் சொல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து குரூப்பில் கன்னாபின்னாவென்று டைப் பண்ணினேன்: இனி எவளும் போகாதே, போனால் சோறு கட்டிக்கொண்டு போ, அடுப்பை நீ பிடி.

அந்த மெசேஜுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மறுநாள் புருஷன் ஆட்டோ பிடித்து வருவதற்குள் அக்கா எழுந்து முற்றத்துக்குச் சாணி தெளித்திருக்கிறாள். அங்கேயே விழுந்தாள். தையல் உள்ளே சீழ் பிடித்து உடம்பெல்லாம் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். கொஞ்ச நாள் ஐ.சி.யூ.வில் இருந்தாள். சுற்றிலும் ஆள், சுற்றிலும் மெஷின், அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த ஓய்வு அவளுக்குத் தெரியாமலே கிடைத்தது. பிறகு போய்விட்டாள்.

சௌமியா, நீ கேட்டதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்தால் வர மாட்டார்கள். போ, போ என்று தள்ளினாலும் போக மாட்டார்கள். நீ முதலில் போய்ப் படு. எல்லாரும் பார்க்கிற மாதிரி படு. குறட்டை விடு. கேட்டால், ஆமாம், படுத்துட்டேன் என்று சொல். நான் இப்போது அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். பால்காரர் வந்தால் படுத்தபடியே பாத்திரத்தைக் கைகாட்டுகிறேன். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுந்திருப்பதில்லை.

இதைப் பழக எனக்கு எது வழி காட்டியது என்றால், அக்காவின் சாவு வீடு.

மூன்றாம் நாள் பால் தெளித்த அன்று கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் போனோம். பந்தல் நிறைய ஆட்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அக்காவைப் புகழ்ந்தார்கள். "ஒரு நாளு ஒக்காந்து பாத்ததில்ல." "கடேசி நாளு கூட சாணி தெளிச்சா பாரு, அவதான் பொம்பள." எனக்குக் காது எரிந்தது. அவளைக் கொன்றதையே எடுத்து அவளுக்கு மாலையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லோகேஷ் சார் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டிலிருந்து கேனில் டீ வந்தது. அதை வாங்கி டம்ளரில் ஊற்றி, தட்டில் அடுக்கி, ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தது நந்தினி. தலை வாரவில்லை. கண் காய்ந்திருந்தது. அழுததற்கான அடையாளமே இல்லை. "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க" என்று அவள் அம்மாவின் குரலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பெரியவர், "ஆத்தாள மாதிரியே இருக்குது பாரு புள்ள, கெட்டி" என்றார்.

நான் எழுந்துபோய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கினேன். அவள் கொடுக்கவில்லை. டம்ளர்கள் ஆடி டீ சிந்தியது.

"அக்கா, வந்தவங்களுக்குக் குடுக்கணும்."

"வேணாம்."

"இன்னும் அந்தப் பக்கம் யாருக்கும் தரலக்கா."

"தர வேணாம் கண்ணு. ஒக்காரு."

"எல்லாரும் என்னா நெனப்பாங்க?"

"என்னத்தையோ நெனக்கட்டும். உங்கம்மா செத்துப்போயிட்டாங்க. நீ ஒக்காரு."

அந்த வார்த்தையை அதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தட்டை விட்டுவிட்டாள். நான் அதைத் தரையில் வைத்துவிட்டு அவளைத் தோளோடு இழுத்துப் பந்தல் கம்பத்தடியில் உட்கார வைத்தேன். அவள் வாயைத் திறந்து, சத்தமாக, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அழுது அழுது அப்படியே என் மடியில் சாய்ந்தாள். நடுப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவே, தூங்கிப்போனாள்.

ஒரு அம்மா வந்து குனிந்தாள். "எழுப்பு பாப்பா. சாவு வீட்டுல பொண்ணு பகல்ல தூங்கக் கூடாது. டீ வேற அப்பிடியே கெடக்குது."

"தூங்கட்டும்" என்றேன்.

டீ ஆறியது. மேலே ஆடை படிந்தது. ஈ மொய்த்தது. யாரும் அதை எடுத்துக் குடிக்கவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அன்றைக்கு டீ கிடைக்காமல் ஒருத்தரும் செத்துப்போகவில்லை.